அசிமீனாவும் மந்தோஸும் நங்கூரம் போட்ட கதை

எவ்தோக்கியா வளைகுடாவுக்குள் நுழைந்துவிட்டாள் என்று தெரிந்தால் போதும், என் காப்பிக்கடையில் இருப்பவர்கள் நாற்காலிகளைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். "போபி, இன்னொரு காப்பி கொண்டா, சீக்கிரம், ஆரம்பிக்கப் போகுது" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

எவ்தோக்கியா ஒரு பாய்மரப் படகு. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, கொஞ்சம் வயதான மரத்தளம். பரோஸ் தீவுக்காரன் மந்தோஸ் அதை ஒரு பிரெஞ்சுக்காரனிடமிருந்து வாங்கித் தன் தாயாரின் பெயரை வைத்தான். அவன்தான் கேப்டன். அவன் மனைவி அசிமீனாவுக்குச் சமையல், துப்புரவு, நங்கூரம். கோடை முழுவதும் வாரத்துக்கு ஒரு கூட்டம் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு நக்ஸோஸ், ஸ்கினூஸா, கூஃபோனிசி என்று சுற்றிவிட்டு, வாரத்தின் நடுவில் எங்கள் அமோர்கோஸ் தீவுக்கு வருவார்கள். இங்கே கட்டபோலா துறையில் ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்புவார்கள். துறைச் சுவரிலிருந்து என் கடை வாசல் நாலு எட்டு. அதனால் எந்தப் படகு வந்தாலும் கயிறு என் கைக்குத்தான் வரும். அடுப்பில் காப்பி பொங்கும், நான் கயிறு கட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் துறையில் படகைப் பக்கவாட்டில் கட்ட இடம் கிடையாது. நடுவில் நின்று நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்பக்கமாக வந்து, வால் பக்கத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சுக்கான் பிடிப்பவர் ஒரு முனையில் நிற்பார், நங்கூரம் போடுபவர் மறுமுனையில். நடுவில் எஞ்சின் சத்தம், காற்று. புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவதற்கென்றே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு மாதிரி இருக்கும்.

"விடு!" என்பான் மந்தோஸ்.

"என்ன?"

"விடுங்கறேன்!"

"விட்டுட்டேன்!"

"இன்னும் விடு!"

"நிறுத்தவா?"

"யாரு நிறுத்தச் சொன்னா? விடு, விடு, விடு... போதும்! போதுங்கறேனே, காது என்ன அடைச்சுக்கிச்சா?"

"உங்கம்மா இழுக்கறா மந்தோ! நான் என்ன பண்றது?"

இந்த இடத்தில்தான் என் கடையில் கைதட்டல் விழும். அசிமீனா அந்தப் படகை எப்போதும் 'உங்கம்மா' என்றுதான் சொல்வாள். உங்கம்மா இன்னிக்கு ஒரு பக்கமா சாயறா. உங்கம்மாவுக்கு எண்ணெய் மாத்தி எத்தனை நாளாச்சு. உங்கம்மா வயித்துல தண்ணி புகுந்திருக்கு, போய்ப் பாரு. இது பரோஸில் இருந்த அசல் எவ்தோக்கியா அம்மாளின் காதுக்குப் போனபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லையாம். "நான் மட்டும் படகா இருந்தா அவளை ஏத்திக்கிட்டே இருக்க மாட்டேன்" என்றாளாம்.

அசிமீனாவுக்கும் கடலுக்கும் பிறப்பில் ஒரு தொடர்பும் கிடையாது. அவள் எவ்ரிதானியா மலையில் பிறந்தவள். அப்பா மரம் ஏற்றும் லாரி வைத்திருந்தார். மகன் இல்லாததால் அவள்தான் ஓட்டினாள். ராணுவச் சேவைக்காக அந்தப் பக்கம் போன மந்தோஸ், ஒருநாள் மலைப்பாதையில் ஒரு லாரி பின்பக்கமாகவே இறங்கி வருவதைப் பார்த்தான். முன்னால் ஆட்டு மந்தை வழி மறித்துவிட்டது, திருப்ப இடமில்லை, ஒரு பக்கம் பாதாளம். ஓட்டிக்கொண்டிருந்த பெண் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, வாயில் சூரியகாந்தி விதை மென்றபடி வந்தாளாம். "அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்பான் மந்தோஸ். "எதை?" என்று கேட்டால் சூரியகாந்தி விதையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பான்.

கல்யாணம் பேசும்போது ஒரு வாக்குக் கொடுத்தான். காலையில் கண் விழித்தால் கடல் தெரிகிற வீடு கட்டித் தருவதாக.

"தெரிஞ்சுது" என்பாள் அசிமீனா. "நாலு பக்கமும் தெரிஞ்சுது. தலைக்கு மேலயும் ஒருதரம் தெரிஞ்சுது."

முதல் கோடை முழுவதும் அவளுக்கு வாந்தி. முழங்கால்களுக்கு நடுவே வாளியை வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். கரை தெரிந்தால் அழுதாள். ஆனால் செப்டம்பரில் பரோஸுக்குத் திரும்பி, வீட்டுக் கட்டிலில் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கட்டில் ஆடாமல் கிடந்தது. எழுந்து போய்ப் படகில் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் மந்தோஸ் காப்பியோடு போய்ப் பார்த்தபோது, "இனிமே வாளி வேண்டாம்" என்றாளாம்.

கத்தல் மட்டும் நிற்கவில்லை. அதற்கும் ஒருமுறை வைத்தியம் பார்த்தார்கள். ஒரு ஜெர்மன் விருந்தாளி, நாங்கள் கத்துவதே இல்லை, கையால் சைகை காட்டிக்கொள்வோம் என்று சொல்லிக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். கட்டைவிரலை உயர்த்தினால் சரி, விரலைக் கீழே காட்டினால் இன்னும் சங்கிலி, உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து. அடுத்த வாரம் எங்கள் துறைக்கு வந்தார்கள். அசிமீனா முன்பக்கத்தில் நின்றுகொண்டு, நிறுத்து என்பதற்கு ஐந்து விரலையும் விரித்து மந்தோஸின் முகத்துக்கு நேராக நீட்டினாள். எங்கள் நாட்டில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. கடையே எழுந்து நின்றுவிட்டது.

"என்னையா? எங்கம்மா படகுல நின்னுக்கிட்டு எனக்கே கை விரிக்கிறியா?"

"நிறுத்துன்னு அர்த்தம்டா, மடையா!"

"எல்லாரும் பாக்கறாங்க!"

"அப்ப எல்லாருக்கும் சேத்துத்தான்!" என்று அவள் எங்கள் பக்கமும் திரும்பி ஒரு கை விரித்தாள். சைகை மொழி அன்றோடு ஒழிந்தது. மறுநாள் இராக்லியா தீவு போய்ச் சேரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்படியே வருடங்கள் போயின. பிறகு லாரிஸா நகரத்திலிருந்து நாலு சிகையலங்காரப் பெண்கள் வந்த வாரம் வந்தது.

நாலு பேரும் ஒரே சலூனில் வேலை பார்ப்பவர்கள். லாரிஸா சமவெளியில் இருக்கிறது, கடல் இல்லை, ஆகஸ்டில் அடுப்பு மாதிரி இருக்கும். சலூனை இரண்டு வாரம் பூட்டிவிட்டு, சேர்த்து வைத்த பணத்தில் படகு எடுத்திருந்தார்கள். சலூன்காரி லூக்கியா நல்ல உயரம், கணீர்க் குரல். மற்ற மூன்று பேரும் அவள் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டாலும் சிரிப்பார்கள்.

கூஃபோனிசியிலிருந்து எங்கள் தீவுக்குக் கிளம்பிய காலையில் ஆகஸ்ட் மாதத்து வடக்காற்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. மெல்தேமி என்றால் அது சும்மா வரும் காற்று இல்லை. வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு மேகம் இருக்காது, ஆனால் துணி காயப்போட்டால் பக்கத்துத் தீவில் போய்த்தான் எடுக்க வேண்டும். மந்தோஸ் பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டினான். காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு எவ்தோக்கியா ஓட்டமாக ஓடினாள். பெண்கள் ஒவ்வோர் அலைக்கும் ஊளையிட்டார்கள். அசிமீனா தட்டில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தக்காளி உருண்டது. மந்தோஸ், புயலில் பாய் மாற்றுகிற மனிதன், அந்தத் தக்காளியை எடுக்கக் குனிந்தான். இடுப்பில் ஏதோ 'டக்' என்றது.

குனிந்தவன் நிமிரவில்லை.

"மந்தோ, எடுத்தாச்சா?" என்றாள் அசிமீனா.

"எடுத்துட்டேன்."

"அப்ப எந்திரி."

"அது முடியல."

சுக்கான் சக்கரம் தன்பாட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தது. அசிமீனா கத்தியைத் தட்டில் போட்டுவிட்டு ஒரே தாவலில் அதைப் பிடித்தாள். நாலு பெண்களும் சேர்ந்து மந்தோஸைத் தூக்கி, பக்கத்து இருக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு ஒரு மிதவை அங்கியை வைத்தார்கள். அவனால் தலையைத் திருப்ப முடியவில்லை. பாய்மரத்தின் உச்சியும் வானமும் மட்டும் தெரிந்தன. அதை வைத்துக்கொண்டே உத்தரவு போட ஆரம்பித்தான்.

"இடது பக்கம் கொஞ்சம் திருப்பு. இல்ல, வலது பக்கம். தீவு தெரியுதா? எந்தப் பக்கம் தெரியுது? அலை எவ்வளவு உயரம்?"

"மந்தோ," என்றாள் அசிமீனா, குரலை உயர்த்தாமல். "நீ வானத்தைப் பாத்துக்கோ. கடலை நான் பாத்துக்கறேன்."

லூக்கியாதான் இதை என்னிடம் பிறகு சொன்னாள். சலூனில் நாள் முழுக்கப் பெண்கள் புருஷனைப் பற்றிப் பேசுவதைக் கேட்டவளாம் அவள், இத்தனை அழகாக ஒருத்தியும் பேசியதில்லை என்றாள்.

எங்கள் தீவின் பெரிய மலை கிட்ட வரவர, காற்று நேராக வராமல் மலை முகட்டில் ஏறிச் சறுக்கி மேலிருந்து விழும். அசிமீனா முன்கூட்டியே பாயை இறக்கச் சொன்னாள். எந்தக் கயிறு எது என்று பெண்களுக்குத் தெரியாது. "சிவப்புக் கயித்தை இழு. கூந்தல் பின்ற மாதிரி ஒரு கை மாத்தி ஒரு கை" என்றாள். அது அவர்களுக்குப் புரிந்தது. பாய் சுருண்டது.

அன்று சாயங்காலம் எவ்தோக்கியா வளைகுடாவுக்குள் வந்தபோது வழக்கம்போல நாற்காலிகள் திரும்பின. நான் கயிறு வாங்கச் சுவரோரம் போய் நின்றேன். சக்கரத்தில் அசிமீனா நின்றாள். முன்பக்கம் நங்கூரத்துக்குப் பக்கத்தில் யாரோ ஓர் உயரமான பெண். மந்தோஸைக் காணவில்லை.

"கடல்ல தள்ளிட்டாளா?" என்றார் கடையில் ஒருவர்.

முதல் தடவை அவள் பின்பக்கமாக வரும்போது காற்று முன்முனையைத் தள்ளிவிட்டது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. நங்கூரத்தை மேலே எடுக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தாள். இந்தத் தடவை காற்று எந்தப் பக்கம் தள்ளுமோ அதற்கு முன்கூட்டியே கொஞ்சம் இடம் விட்டு, சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்று, முகத்தைச் சுவரின் பக்கம் வைத்துக்கொண்டு, அந்த நீளப் படகை இரண்டு படகுகளுக்கு நடுவில் செருகினாள். மலைப்பாதையில் லாரி இறங்கியதும் இப்படித்தான் இருந்திருக்கும். முன்பக்கத்திலிருந்து லூக்கியா, "எவ்வளவு விடணும்?" என்று கேட்டது வளைகுடா முழுக்கக் கேட்டது. அசிமீனா பதில் சொல்லும்போது மட்டும் திரும்பி அவளைப் பார்த்துச் சொன்னாள்.

யாரும் கத்தவில்லை. கடையில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்குக் கூத்து நடக்காதது போல இருந்தது.

அப்போது படகின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. "போபி! நீ அங்க இருக்கியா?"

"இருக்கேன் மந்தோ! நீ எங்க இருக்கே?"

"அதை விடு! சுவர் எங்க இருக்கு?"

"என் காலுக்குக் கீழ இருக்கு."

"படகுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

"கட்டியாச்சுப்பா!"

"கட்டியாச்சா?" என்றான், ஏதோ இழந்தவன் குரலில்.

துறைமுகக் காவல் அதிகாரி ஸ்கேவோஸ் வெள்ளைச் சீருடையோடு வந்து சேர்ந்தான். நல்ல பையன், ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

"இந்தப் படகுக்கு யாரு கேப்டன்?"

இருக்கையிலிருந்து ஒரு கை மட்டும் மேலே எழும்பியது. "நான்தான்."

"நீங்க படுத்திருக்கீங்க."

"கேப்டன் நிக்கணும்னு சட்டத்துல எங்கயாவது போட்டிருக்கா?"

ஸ்கேவோஸ் யோசித்தான். "நிக்கணும்னு போடல. ஆனா எந்திரிக்க முடியணும். டாக்டர் வந்து பாத்து, நீங்களா எந்திரிச்சு என் ஆபீசுக்கு நடந்து வர்ற வரைக்கும் படகு கிளம்பக் கூடாது." பிறகு அசிமீனாவைப் பார்த்தான். "அம்மா, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"லாரிக்கு இருக்கு" என்றாள் அசிமீனா.

டாக்டர் ஊசி போட்டு, அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றும் அடங்கவில்லை, பெரிய கப்பல்கூட வரவில்லை. நாலு பெண்களின் விடுமுறை எங்கள் துறையில் வந்து தட்டி நின்றுவிட்டது. அவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தால் நான் தப்பு சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் மறுநாள் காலையில் என் கடைக்கு வெளியே குடைபோலப் படர்ந்த மரத்தடியில் என் நாற்காலிகளையே இரண்டு எடுத்துப் போட்டார்கள். லூக்கியா பையிலிருந்து கத்தரிக்கோல்களை வெளியே எடுத்தாள்.

"லீவுக்கு வரும்போது இதெல்லாம் எதுக்குடி கொண்டு வந்தே?" என்று கேட்டேன்.

"நீ லீவுக்குப் போனா காப்பிப் பாத்திரம் எடுத்துட்டுப் போக மாட்டியா?"

போவேன்தான்.

முதலில் ஒரு மீனவன் வந்து விளையாட்டாக உட்கார்ந்தான். அவன் எழுந்தபோது அவன் மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்கப்புறம் வரிசை நின்றது. கூலி வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் மீன், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தேன் போட்டுக் காய்ச்சிய எங்கள் ஊர் ரக்கிச் சாராயம் என்று வந்து குவிந்தது. மேலே ஊரிலிருந்து பேருந்தில் பெண்கள் இறங்கினார்கள். பாதிரியார் வந்து, முடியைத் தொடக் கூடாது, தாடி நுனியை மட்டும் ஒழுங்குபடுத்து மகளே என்றார். ஸ்கேவோஸ் மூன்று முறை அந்தப் பக்கம் ரோந்து போனான், நாலாவது முறை தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மந்தோஸை ஒரு கட்டிலோடு தூக்கி வந்து நிழலில் போட்டிருந்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவனுக்கு ஓர் ஆலிவ் பழத்தை வாயில் போட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் அசிமீனா உட்கார்ந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து பின்னி முடிந்த கூந்தல். "வெட்டு" என்றாள்.

லூக்கியா வெட்டிக்கொண்டே கேட்டாள். "இந்தக் கத்தரிக்கோல் பிடிக்கறதுக்கே எனக்கு ஒரு காகிதம் வேண்டியிருக்கு. படகை அப்படிக் கொண்டு வந்து கட்டறே, நீ ஏன் ஒரு காகிதம் வாங்கி வச்சுக்கல?"

"ஒரு படகுக்கு ரெண்டு கேப்டன் எதுக்கு?" என்றான் மந்தோஸ் கட்டிலிலிருந்து.

"உன்னைக் கேக்கல" என்றாள் லூக்கியா.

வெட்டி முடித்ததும் அசிமீனா கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு நல்ல அழகான கழுத்து என்று எனக்கு அன்றுதான் தெரியும். "வாங்கறேன்" என்றாள்.

"அப்ப யாரு சமைப்பா?" என்றான் மந்தோஸ்.

"யாருக்குத் தக்காளி மேல அவ்வளவு அக்கறையோ அவன் சமைப்பான்."

மூன்றாம் நாள் காற்று இறங்கியது. மந்தோஸ் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, வாத்து மாதிரி நடந்து போய் ஸ்கேவோஸுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தான். அவர்கள் கிளம்பியபோது வழியனுப்ப வந்த கூட்டத்தில் ஒரு தலைகூட முன்போல இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் அசிமீனா வாராவாரம் கப்பல் ஏறிப் பிரேயஸ் துறைமுக நகரத்துக்குக் கேப்டன் காகிதத்துக்காகப் படிக்கப் போனாள். மந்தோஸ் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நாலு வாரத்தில் விட்டுவிடுவாள் என்று பரோஸ் துறையில் எல்லாரிடமும் சொன்னானாம். அவள் விடவில்லை. பாய், கயிறு, வரைபடம், வானிலை எல்லாம் தேறினாள். இரவில் கப்பல்களின் விளக்குகளைப் பார்த்து அது என்ன கப்பல், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும் பகுதியில் மட்டும் தவறினாள். மறுபடி எழுத வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து புத்தகத்தை மேசையில் விசிறி எறிந்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் முற்றத்திலிருந்து மந்தோஸ் கூப்பிட்டான். "அசிமீனா, வெளியே வா."

வந்து பார்த்தால், எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் புருஷன் நிற்கிறான். இடது கையில் சிவப்பு விளக்கு, வலது கையில் பச்சை விளக்கு, தொப்பியில் ஒரு வெள்ளை விளக்கு. மெல்ல நடந்து வருகிறான்.

"நான் யாரு?"

அவள் பார்த்தாள். "ரெண்டு நிறமும் தெரியுது. நேரா என் மேல வர்ற."

"இப்ப?" திரும்பினான்.

"சிவப்பு மட்டும். என் முன்னால இடது பக்கமா போற."

வெள்ளை விளக்குக்கு மேல் ஒரு பச்சை விளக்கை ஏற்றினான். "இப்ப?"

"பைத்தியம்."

"இழுவலைப் படகு! ஒழுங்கா பதில் சொல்லு!"

தினமும் முற்றத்தில் கப்பல் போக்குவரத்து நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "மந்தோ, கிறிஸ்துமஸ் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுப்பா" என்றார். எவ்தோக்கியா அம்மாள் ஜன்னலைத் திறந்து, "என் மகன் ஆட்டம் ஆடறானா?" என்று கேட்டாள். "பாடம் நடக்குது அத்தை" என்றாள் அசிமீனா. இதையெல்லாம் அவளே எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவன் ஒரு வார்த்தைகூட மன்னிப்பு என்றோ, படி என்றோ சொல்லவில்லையாம். விளக்கு மட்டும் பிடித்தானாம்.

இரண்டாவது முறை தேறிவிட்டாள்.

அடுத்த ஜூன் மாதம் எவ்தோக்கியா முதல்முறையாக வந்த நாளில் என் கடையில் உட்கார இடமில்லை. செய்தி முன்பே வந்திருந்தது. சக்கரத்தில் அசிமீனா, குட்டை முடி, கறுப்புக் கண்ணாடி. முன்பக்கத்தில், நங்கூரத்துக்கு மேல் குனிந்தபடி, இடுப்புப் பட்டையோடு மந்தோஸ்.

"விடு!" என்றாள் அசிமீனா.

மந்தோஸ் நங்கூரப் பொத்தானை அழுத்திச் சங்கிலியை விட்டபடி திரும்பிப் பார்த்தான். "என்ன?"

"இன்னும் விடு, மந்தோ!"

"கேக்கல!"

"விடுங்கறேன்!"

"சங்கிலிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல! காத்து வேற! நீ என்ன சொல்றேன்னு..." பாதியில் நிறுத்தினான். கையில் பொத்தானைப் பிடித்தபடி அப்படியே நிமிர்ந்து நின்றான். நான் சுவரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சங்கிலி நின்றுபோயிருந்தது. காற்றும் அந்த நொடி கொஞ்சம் விட்டிருந்தது.

"அசிமீனா!" என்று கத்தினான். "இங்க நின்னா ஒண்ணுமே கேக்காது!"

அசிமீனா கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றினாள். "பதினாலு வருஷமா அதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்!"

"நீ சொன்னது எனக்குக் கேக்கல!"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் சக்கரம் கை நழுவ, எவ்தோக்கியா பக்கத்துப் படகின் மிதவைப் பந்துகளில் போய் லேசாக இடித்தாள். அந்தப் படகின் சொந்தக்காரர் எழுந்து கத்தப் போனார், பிறகு அவரும் சிரித்தார். நான் கயிற்றை வாங்கிக் கட்டினேன். கடையிலிருந்த முழுக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. இந்தத் தடவை மந்தோஸ் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினான். பாதிதான் குனிந்தான், டாக்டர் அவ்வளவுதான் அனுமதித்திருந்தார்.

இப்போது ஒரு வாரம் அவள் கேப்டன், ஒரு வாரம் அவன். மந்தோஸின் சமையல் முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது என்று விருந்தாளிகள் முனகினார்கள். கத்தரிக்காயை மட்டும் அவன் நன்றாக வறுக்கிறான், அதனால் அவன் சமைக்கும் வாரத்தில் மூன்று வேளையும் கத்தரிக்காய். லாரிஸா பெண்கள் வருடம் தவறாமல் வருகிறார்கள். எப்போது வருகிறார்கள் என்று எங்கள் தீவில் ஏப்ரலிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், அதுவரை முடி வெட்டாமல் வைத்திருப்பவர்களும் உண்டு.

போன செப்டம்பரில் கடைசி விருந்தாளிகளைப் பரோஸில் இறக்கிவிட்டு, இரண்டு பேரும் காலிப் படகோடு இங்கே வந்தார்கள். அசிமீனா கடைக்குள் வந்து என் ஏப்ரனின் முடிச்சைப் பின்னாலிருந்து அவிழ்த்தாள்.

"என்னடி பண்றே?"

"கிளம்பு. லெவிதா தீவுக்குப் போறோம். ரெண்டு நாள்ல திரும்பிடலாம்."

"விருந்தாளிங்க யாரு?"

"நாங்கதான். இத்தனை வருஷமா அடுத்தவங்களுக்குத்தானே ஓட்டினோம்? நீயும் வா. எத்தனை படகோட கயித்தைப் பிடிச்சிருக்கே, ஒரு படகுலயாவது ஏறியிருக்கியா?"

ஏறியதில்லை. பெரிய கப்பலில் ஏதென்ஸுக்குப் போயிருக்கிறேன், அண்ணனின் மீன்பிடிப் படகில் போயிருக்கிறேன். பாய்மரப் படகில் எங்கள் வளைகுடாவைத் தாண்டியதில்லை. கடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, காப்பிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

தீவின் முனையைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தினார்கள். அந்த நிசப்தத்துக்கு நான் தயாராக இல்லை. காது விடுபட்ட மாதிரி இருந்தது. மெல்தேமி போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் ஒரு மெல்லிய காற்று, பாயை நிரப்பும் அளவுக்கு மட்டும். தண்ணீர் படகின் விலாவில் சலசலத்தது. என் தீவின் பின்பக்கத்தை, அந்தச் செங்குத்துப் பாறைகளை, கடலிலிருந்து அவ்வளவு பக்கத்தில் அப்போதுதான் பார்த்தேன். இத்தனை நாள் அதன் முன்பக்கத்தில் மட்டும் குடியிருந்திருக்கிறேன்.

"இந்தா, பிடி" என்று அசிமீனா சக்கரத்தை விட்டு நகர்ந்தாள்.

"எனக்குத் தெரியாதே!"

"அந்த மேகத்தைப் பாத்து ஓட்டு. மேகம் நகந்தா சொல்லு, வேற தரேன்."

பிடித்தேன். கைக்குள் படகு லேசாக இழுத்தது, ஒரு நல்ல கழுதை இழுக்கிற மாதிரி. கீழே சமையலறையில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. மந்தோஸ் படிக்கட்டில் தலையை நீட்டி, "ரெண்டு கேப்டனுக்கும் கத்தரிக்காய் வேணுமா?" என்றான். அசிமீனா பலகையில் கால் நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வேணும் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.